சோதனைக் குழாயில் அடங்கும் வினை ரியாக்டரில் அடங்காமல் போவது ஏன்?

மும்பைக்கு அருகிலுள்ள டோம்பிவிலியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்துத் தாயார் ஒருவர், பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் தம் மகளுக்காக நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். பிணைப்பை உடைக்க ஆற்றல் தேவை என்று பாடநூல் சொல்லும்போது, எரிபொருள் எரிந்தால் ஆற்றல் வெளிப்படுவது எப்படி? அமிலத்தையும் காரத்தையும் 50 மில்லிலிட்டர் வீதம் கலந்தபோதும், 100 மில்லிலிட்டர் வீதம் கலந்தபோதும் வெப்பமானி ஒரே அளவுதான் ஏறியது. அதிகப்படி வெப்பம் எங்கே போயிற்று? வெப்பத்தை உறிஞ்சும் வினை, யாரும் சூடேற்றாமல் தானாக நடப்பது ஏன்? கடைசிக் கேள்வி அந்த ஊர்க்காரர்களுக்கே உரியது. 2016 மே மாதத்திலும் 2024 மே மாதத்திலும் அங்குள்ள எம்.ஐ.டி.சி. (மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம்) தொழிற்பேட்டைப் பகுதியில் பெரும் வெடிப்புகள் நிகழ்ந்தன. ஆய்வகத்தில் சாதுவாக நடக்கும் வினை, தொழிற்சாலையின் ரியாக்டருக்குள், அதாவது வினை நடத்தும் பெரிய கலனுக்குள், போனதும் கட்டுக்கடங்காமல் போவது எப்படி என்று அவர் கேட்கிறார்.

அந்த இரு விபத்துகளின் காரணங்களை நான் இங்கே பேசப்போவதில்லை. அவை விசாரணை அதிகாரிகளுக்கு உரியவை. ஆனால் கேள்வியின் அறிவியல் பகுதிக்கு விடை சொல்ல முடியும். தாணே, பேலாப்பூர் வட்டார இரசாயன ஆலைகளுக்கு வெப்பக் கணக்குப் போட்டுக் கொடுப்பதே பல ஆண்டுகளாக என் தொழில். அந்தப் பழக்கத்தில் பார்த்தால் நான்கு கேள்விகளும் ஒரே கேள்வியின் நான்கு முகங்கள்தாம். ஒரு வினை எவ்வளவு வெப்பத்தை வெளியிடும் என்பதை வினைபடு பொருள்களும் விளைபொருள்களும் தீர்மானிக்கின்றன. வெப்பநிலை எவ்வளவு ஏறும் என்பதையோ, அந்த வெப்பம் எதில் இறங்குகிறது, எவ்வளவு விரைவாகப் பிறக்கிறது, எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பவை தீர்மானிக்கின்றன. முன்னது இயற்கை விதித்த எண், மாற்ற முடியாது. பின்னது நாம் தேர்ந்தெடுக்கும் பாத்திரத்தையும் நாம் கலக்கும் முறையையும் பொறுத்தது. பள்ளிப் பாடத்தில் முன்னதற்கு ஓர் அத்தியாயம் முழுவதும் இருக்கிறது. பின்னதற்கு ஒரு வாய்பாடு மட்டுமே இருக்கிறது. எனவே பின்னதைப் பற்றியே நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் கேள்விக்கு வருவோம். பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, உடைத்தால் அது வெளியே வரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; உயிரியல் பாடத்தில், செல்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூற்றைப் பற்றிச் சொல்லும் விதமும் அந்த எண்ணத்தை வளர்க்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. எந்தப் பிணைப்பை உடைத்தாலும் ஆற்றல் செலவுதான். எந்தப் பிணைப்பு உருவானாலும் ஆற்றல் வரவுதான். மும்பையில் குழாய் வழியாக வீடுகளுக்கு வரும் எரிவாயு பெரும்பாலும் மீத்தேன் என்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ண வேதியியலார் பயன்படுத்தும் அலகு) மீத்தேனில் உள்ள நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை உடைக்க, ஒன்றுக்கு 413 கிலோஜூல் வீதம் 1,652 கிலோஜூல் வேண்டும். அதோடு சேர்ந்து எரியும் இரண்டு மோல் ஆக்சிஜனின் பிணைப்புகளை உடைக்க, ஒன்றுக்கு 498 வீதம் 996 கிலோஜூல் வேண்டும். ஆக, செலவு 2,648 கிலோஜூல். பிறகு கார்பன் டைஆக்சைடில் இரண்டு கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகள், ஒன்றுக்கு 799 வீதம் 1,598 கிலோஜூலைத் தருகின்றன; இரண்டு நீர் மூலக்கூறுகளில் நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள், ஒன்றுக்கு 463 வீதம் 1,852 கிலோஜூலைத் தருகின்றன. வரவு 3,450. வித்தியாசமான 802 கிலோஜூல்தான் அடுப்பில் நமக்குக் கிடைப்பது. எரிபொருளில் உள்ள பிணைப்புகள் வலுவானவையாக இருப்பதால் அது ஆற்றல் தருவதில்லை. எரிந்த பின் உருவாகும் பிணைப்புகள் அவற்றையும்விட வலுவானவை என்பதால்தான் தருகிறது. தீக்குச்சி தேவைப்படுவதும் இதனால்தான். வரவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பழைய பிணைப்புகளைத் தளரச் செய்வதற்கான முதல் செலவை யாராவது செய்தாக வேண்டும். அந்த முதல் செலவைத்தான் கிளர்வு ஆற்றல் என்கிறோம்.

பாடநூலில் மீத்தேனின் எரிதல் வெப்பம் 890 கிலோஜூல் என்று இருக்குமே என்று மாணவி கேட்கக்கூடும். மேலே கிடைத்த 802, நீர் ஆவியாகவே வெளியேறும்போது கிடைப்பது. அந்த நீராவி திரவமாகக் குளிர்ந்தால், மோலுக்கு 44 கிலோஜூல் வீதம் இரண்டு மோலுக்கு 88 கிலோஜூல் கூடுதலாகக் கிடைக்கும், கூட்டினால் 890. குளிர்ந்த நீர் நிறைந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்த முதல் சில நொடிகளில் அதன் வெளிப்புறம் வேர்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது சுடரில் பிறந்த நீர். பொருள்களின் நிலையைக் குறிப்பிடாமல் வினைவெப்பத்தைச் சொல்வது பாதிக் கணக்கு என்பதற்கு அந்த வேர்வையே சான்று.

வினைவெப்பம் இயற்கை விதித்த எண் என்று சொன்னேன். அதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த எடுத்துக்காட்டு சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுவதும் பொங்கலுக்கு முன் சுவரில் அடிப்பதும் அதே பொருள்தான். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுடும்போது, அதாவது கால்சியம் கார்பனேட்டு சிதைந்து சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டைஆக்சைடும் பிரியும்போது, மோலுக்கு 178 கிலோஜூல் வெப்பம் உறிஞ்சப்படுகிறது. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றி நீற்றும்போது மோலுக்கு 65 கிலோஜூல் வெளிப்படுகிறது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு ஏறத்தாழ 18 மோல். அது வெளியிடும் வெப்பம் மூன்று லிட்டருக்கு மேற்பட்ட நீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோகப் போதுமானது. குழியில் சுண்ணாம்பு கொதிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்த பிறகு, அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை வாங்கி மறுபடியும் கல்லாக இறுகுகிறது. அப்போது மோலுக்கு 113 கிலோஜூல் வெளிப்படுகிறது. 65ஐயும் 113ஐயும் கூட்டிப் பாருங்கள். காளவாயில் விறகும் நிலக்கரியும் கல்லுக்குள் ஏற்றிய அதே 178 கிலோஜூல்தான் இரண்டு தவணைகளாகத் திரும்பி வருகிறது. வழி எதுவானாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் வெப்பக் கணக்கு ஒன்றாகவே இருக்கும் என்று ஹெஸ் 1840இல் நிறுவிய விதி இதுவே.

ஆனால் அந்த இரண்டு தவணைகளும் நம் கைக்கு ஒரே மாதிரியாகத் தெரிவதில்லை. 65 கிலோஜூல் தரும் நீற்றல் குழியையே கொதிக்கச் செய்கிறது; 113 கிலோஜூல் தரும் இறுகல் நடக்கும் சுவரோ தொட்டால் குளிர்ந்தே இருக்கிறது. அதிக வெப்பம் தரும் வினையில் வெப்பநிலை ஏறவே இல்லை! நீற்றல் சில நிமிடங்களில் முடிகிறது, வெப்பம் வெளியேற அவகாசம் இல்லை. சுவர் இறுகுவதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. பிறக்கும் வெப்பம் பிறந்தவுடன் காற்றில் கரைந்துவிடுகிறது.

மும்பையில் இதைவிடப் பெரிய சான்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் கண்முன் நடக்கிறது. இரும்பு துருப்பிடிப்பது வெப்ப உமிழ் வினை என்று படிக்கிறோம். அதன் அளவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு கிலோ இரும்பு முழுவதும் ஆக்சைடானால் வெளிப்படும் வெப்பம் 7,000 கிலோஜூலுக்கு மேல். இருபது லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு. கடற்காற்றில் அரித்துப்போகும் ஜன்னல் கம்பிகளும் தண்டவாள ஓரத்துப் பழைய இரும்பும் இந்த வெப்பத்தை முழுமையாக வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் பரவி வெளிப்படுவதால் எந்த வெப்பமானிக்கும் அது எட்டுவதில்லை. அதே இரும்பை மெல்லிய தூளாக்கி, உப்பும் ஈரமும் கரித்தூளும் சேர்த்துச் சிறு பையில் அடைத்தால், குளிர்ப் பிரதேசங்களுக்குப் போகிறவர்கள் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும் வெப்பப் பையாகிறது. வினை அதுவேதான், மோலுக்கான வெப்பமும் அதுவேதான். மாறியிருப்பது வேகம் மட்டும்.

இப்போது அமிலமும் காரமும். வலிமையான அமிலமும் வலிமையான காரமும் சேரும்போது உண்மையில் நடப்பது ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் இணைந்து நீராவது மட்டுமே. மற்ற அயனிகள் வேடிக்கை பார்க்கின்றன. எனவே ஹைட்ரோகுளோரிக் அமிலமானாலும் நைட்ரிக் அமிலமானாலும், உருவாகும் ஒரு மோல் நீருக்கு ஏறத்தாழ 57 கிலோஜூல்தான் கிடைக்கும். ஒரு மோலார் கரைசல்களை, அதாவது லிட்டருக்கு ஒரு மோல் கரைந்தவற்றை, 50 மில்லிலிட்டர் வீதம் கலந்தால் 0.05 மோல் நீர் உருவாகி 2.85 கிலோஜூல் வெளிப்படும். அதைத் தாங்குவது 100 கிராம் கரைசல். அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 418 ஜூல் வேண்டும். எனவே ஏற்றம் 6.8 டிகிரி. 100 மில்லிலிட்டர் வீதம் கலந்தால் வெப்பம் 5.7 கிலோஜூலாக இரட்டிக்கிறது. அதைப் பங்கிட்டுக்கொள்ளும் கரைசலும் 200 கிராமாக இரட்டிக்கிறது. ஏற்றம் அதே 6.8 டிகிரி. அதிகப்படி வெப்பம் எங்கும் போகவில்லை, அதிகப்படி நீருக்குள்தான் இருக்கிறது. வெப்பம் பொருளின் அளவைப் பொறுத்தது. வெப்பநிலை ஏற்றமோ ஒரு கிராமுக்கு எவ்வளவு வெப்பம் என்பதைப் பொறுத்தது, அதாவது செறிவைப் பொறுத்தது. இரண்டு மோலார் கரைசல்களை எடுத்திருந்தால் ஏற்றம் 13 டிகிரியைத் தாண்டியிருக்கும். பத்து மோலார் என்றால் இந்த எளிய கணக்கிலேயே 68 டிகிரி வருகிறது. அறை வெப்பநிலையிலிருந்து தொடங்கினால் கொதிநிலையின் வாசலில் நிற்கும். அதைச் செய்துபார்க்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவி இந்தச் சோதனையைத் தெர்மகோல் குவளையில் செய்திருந்தால் 6.8க்குப் பதிலாக ஆறு, ஆறேகால் என்று சற்றுக் குறைவாகக் கிடைத்திருக்கும். கொஞ்சம் வெப்பம் குவளைக்கும் வெப்பமானிக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது. இந்தக் குறைவை மாணவரின் தவறாகக் கருதி, எண்ணைத் திருத்தி எழுதச் சொல்லும் வழக்கம் சில ஆய்வகங்களில் உண்டு. எனக்கு அது வருத்தம் தருவது, ஏனென்றால் அந்தக் குறைவில்தான் நான்காவது கேள்வியின் விடை ஒளிந்திருக்கிறது. சிறு குவளை வெப்பத்தை இழக்கிறது. அதே கரைசல்களை 10,000 லிட்டர் தொட்டியில் கலந்திருந்தால் இழப்பு ஏறத்தாழ இல்லாமல் போய், ஏற்றம் முழு 6.8 டிகிரியை எட்டியிருக்கும்.

மூன்றாவது கேள்வியைச் சற்று விரைவாக முடித்துக்கொள்கிறேன். செம்பூருக்குத் தெற்கே டிராம்பேயில் உள்ள ஆர்.சி.எஃப். உர ஆலையில் தயாராகும் யூரியாவை நீரில் போட்டுக் கலக்கினால் பாத்திரம் சில்லிடும். 60 கிராம் யூரியா கரையும்போது ஏறத்தாழ 15 கிலோஜூல் உறிஞ்சப்படுவதால், ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலை மூன்று டிகிரிக்கு மேல் இறங்கும். அம்மோனியம் நைட்ரேட்டு இன்னும் தீவிரமானது. மோலுக்கு 26 கிலோஜூல். விளையாட்டு வீரர்களின் சுளுக்குக்கு ஒற்றும் குளிர்ப்பைகளில் அது பயன்பட்டதற்குக் காரணம் இதுவே. அந்த வெப்பம் வெளியிலிருந்து யாரும் கொடுத்ததன்று. நீர் மூலக்கூறுகளின் இயக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகிறது, அதனால்தான் நீர் குளிர்கிறது. இப்படியான வினைகள் ஏன் நடக்கின்றன என்பது 19ஆம் நூற்றாண்டின் பெரும் வேதியியலாளர்களையே தடுமாற வைத்த கேள்வி. தானாக நடக்கும் வினை வெப்பத்தை வெளியிட்டே தீரும் என்று பிரான்சின் பெர்த்தெலோ வாதிட்டார். வெப்பம் மட்டும் போதாது, ஆற்றல் எத்தனை விதமாகப் பரவ முடிகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதை 1870களில் அமெரிக்காவின் கிப்ஸ் தெளிவுபடுத்தினார். அந்தப் பரவலின் அளவுதான் என்ட்ரோபி. படிகத்தில் வரிசையாக நின்ற மூலக்கூறுகளோ அயனிகளோ நீரில் சிதறும்போது என்ட்ரோபி மிகுகிறது. அந்த ஆதாயம் வெப்ப நட்டத்தை ஈடுகட்டிவிடுகிறது. வெப்பநிலை ஏற ஏற இந்த ஆதாயத்தின் எடையும் ஏறும். காளவாய்க்கும் இதே கணக்குதான்: சுண்ணாம்புக் கல் சிதைவதில் 178 கிலோஜூல் நட்டம், வெளியேறும் வாயுவின் என்ட்ரோபி அந்த நட்டத்தைச் சரிக்கட்டுவது கணக்குப்படி 840 டிகிரி செல்சியஸ் அருகில்தான். காளவாயை 900 டிகிரிக்கும் மேல் வைத்திருப்பதன் காரணம் இதுவே.

இனி நான்காவது கேள்வி. நடுநிலையாக்கலில் 6.8 டிகிரி ஏறுவதற்குக் காரணம் இரண்டு: கரைசல் நீர்த்திருந்தது, கரைப்பான் நீராக இருந்தது. ஒரு டிகிரி உயர, ஒரு கிராம் நீர் 4.18 ஜூல் கேட்கிறது. டொலுயீன் போன்ற கரிமக் கரைப்பான்கள் அதில் பாதிகூடக் கேட்பதில்லை. மருந்துக்கும் சாயத்துக்கும் வேண்டிய இடைநிலைப் பொருள்களைத் தயாரிக்கும் ஆலையில், மோலுக்கு 100 கிலோஜூல் தரும் ஒரு வினை, கிலோவுக்கு ஐந்து மோல் என்ற செறிவில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். இவை அங்கே சர்வசாதாரணமான எண்கள். கிலோவுக்கு 500 கிலோஜூல் பிறக்கும். கலவை ஒரு டிகிரி உயர, கிலோவுக்கு இரண்டு கிலோஜூல் போதும் என்றால், வெப்பம் சிறிதும் வெளியேறாதபோது ஏற்றம் 250 டிகிரி. வெப்பம் வெளியேறாத நிலையில் கிடைக்கும் இந்த உச்ச ஏற்றத்தை வெப்பமாறா ஏற்றம் என்கிறோம். 60 டிகிரியில் நடக்க வேண்டிய வினை 310 டிகிரியை நோக்கிப் போகும் என்றால், வழியிலேயே கரைப்பான் கொதித்து அழுத்தம் ஏறும். அல்லது கலவையிலுள்ள பொருள்களே சிதையத் தொடங்கி, வாயுவையும் மேலும் வெப்பத்தையும் வெளியிடும். முதல் வினையைவிட இந்த இரண்டாவது சிதைவே பெரும்பாலும் கலனை உடைப்பது.

ஆய்வகத்தில் இது ஏன் தெரிவதில்லை? பரப்பு காரணம். ஒரு லிட்டர் கண்ணாடிக் கலனையும் அதே வடிவத்தில் 10,000 லிட்டர் ரியாக்டரையும் ஒப்பிட்டால், வெப்பத்தைப் பிறப்பிக்கும் கனஅளவு 10,000 மடங்காகிறது. வெப்பத்தை வெளியேற்றும் மேற்பரப்போ ஏறத்தாழ 460 மடங்குதான் ஆகிறது. ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் பரப்பு இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. மேசைமேல் பனிக்கட்டித் தொட்டியில் வைத்தால் தானே அடங்கும் வினைக்கு, ரியாக்டரைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் ஜாக்கெட்டும் உள்ளே சுருள்குழாயும் குளிரூட்டும் பிரிவான சில்லிங் பிளான்டிலிருந்து வரும் பிரைன் என்ற குளிர்ந்த உப்புநீரும் தேவைப்படுகின்றன. அவை ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் வெப்பநிலை நாம் எழுதிவைத்த எண்ணில் நிற்கும்.

நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை 1920களின் பிற்பகுதியில் ரஷ்ய அறிஞர் செமியோனோவ் கணிதமாக எழுதிக் காட்டினார். வேதிவினைகளின் இயங்குமுறை பற்றிய ஆய்வுக்காக 1956இல் ஹின்ஷெல்வுடுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். வாதம் எளிமையானது. பல வினைகளின் வேகம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்காகிறது. வெப்பம் பிறக்கும் வேகமும் அப்படியே. வெப்பம் வெளியேறும் வேகமோ கலவைக்கும் குளிர்நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில்தான் ஏறுகிறது. ஜாக்கெட்டில் 20 டிகிரி நீர், உள்ளே 60 டிகிரிக் கலவை என்றால் வேறுபாடு 40. கலவை 100 டிகிரியானால் வேறுபாடு 80, வெளியேற்றம் இரு மடங்கு. பிறப்போ பதினாறு மடங்கு. ஒரு கோடு நேராக ஏறுகிறது, மற்றது வளைந்து செங்குத்தாகிறது. இரண்டும் பிரியும் புள்ளியைத் தாண்டிய பின் முழு வேகத்தில் குளிரவைத்தாலும் பயனில்லை. ஆலைகளில் இதை ரன்அவே என்பார்கள். அந்தப் புள்ளிக்கு முன்னால் ஒரு டிகிரி குறைவாக இருந்த பேட்ச் (ஒரு தடவையில் தயாரிக்கும் கலவை) எந்தத் தொல்லையும் இல்லாமல் முடிந்திருக்கும். இதனால்தான் பல ஆண்டுகளாக ஒழுங்காக ஓடிய செய்முறை ஒரு நாள் திடீரென்று மாறிவிட்டதாகத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில்லில் 2007 டிசம்பர் 19ஆம் நாள் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறு ஆலையில் நடந்தது இதற்குப் பாடமாகவே சொல்லப்படுகிறது. சோடியத்தைக் கொண்டு நடத்திய ஒரு வினையை ஒரு லிட்டர் கலனில் பலமுறை சோதித்துவிட்டு, ஏறத்தாழ 9,000 லிட்டர் ரியாக்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வேண்டிய வினையின் வெப்பத்தை அறிந்திருந்தார்கள். சுமார் 200 டிகிரியில் சோடியத்துக்கும் கரைப்பானுக்கும் இடையே தொடங்கும் இரண்டாவது, இன்னும் மூர்க்கமான வினையை அறிந்திருக்கவில்லை. குளிர்நீர் ஏற்பாட்டுக்கு மாற்று இல்லை. அது செயலிழந்த அன்று நால்வர் இறந்தார்கள்.

போபாலும் வெப்பக் கணக்கில் தொடங்கிய பேரழிவுதான் என்பது நம் ஊர்களில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அங்கே கசிந்த நச்சுப் பொருளான மீதைல் ஐசோசயனேட்டு 39 டிகிரியில் கொதிக்கும் திரவம். நீரோடு வெப்பம் உமிழ்ந்து வினைபுரியும். அதைப் பூச்சியம் டிகிரிக்கு அருகில் வைத்திருக்க வேண்டிய குளிர்பதன ஏற்பாடு 1984 ஜூன் முதல் நிறுத்தப்பட்டிருந்தது. டிசம்பர் 2ஆம் நாள் இரவு ஏறத்தாழ 40 டன் திரவம் இருந்த தொட்டிக்குள் நீர் புகுந்தபோது, திரவம் ஏற்கெனவே வெளிச் சூழலின் வெப்பநிலையில் இருந்தது. வினை சூடேற்ற, சூடு வினையை விரைவாக்க, தொட்டியின் உள்ளே வெப்பநிலை 200 டிகிரியைத் தாண்டியதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. நீர் எப்படிப் புகுந்தது என்பதில் விவாதம் நீண்டது. ஆனால் அந்தத் திரவம் குளிர்ந்திருந்தால், அதே நீர் புகுந்திருந்தாலும், வினை மிக மெதுவாகவே தொடங்கி, தலையிடுவதற்கு நேரம் கொடுத்திருக்கும்.

இதிலிருந்து, குளிர வைத்தால் எப்போதும் பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சேமிப்புத் தொட்டிக்கு அது சரி. ரியாக்டருக்கு நேர்மாறாகவும் ஆகலாம். மூர்க்கமான வினைகளில் ஒரு பொருளை ரியாக்டரில் வைத்துக்கொண்டு மற்றதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது வழக்கம். சேர்ந்தது சேர்ந்தவுடன் வினைபுரிந்துவிட்டால், குழாயை மூடிய கணமே வெப்பமும் நின்றுவிடும். இந்த ஏற்பாடு வேலை செய்ய வேண்டுமானால் கலவை போதுமான சூட்டில் இருக்க வேண்டும். பயத்தில் ஆப்பரேட்டர் வெப்பநிலையைக் குறைத்துவைத்தால் வினை மந்தமாகிறது. சேர்த்த பொருள் வினைபுரியாமல் உள்ளே சேகரமாகிறது. வெப்பமானி சாதுவாக நிற்கிறது. கிளறி நின்றுபோனாலும் இதே நிலைதான்: இரண்டு திரவங்களும் தனித்தனி அடுக்குகளாகக் கிடக்கும், மானியில் எந்த அறிகுறியும் இராது. பிறகு சற்றுச் சூடேறினாலோ கிளறியை மறுபடியும் போட்டாலோ, மூன்று மணி நேரத்தில் பரவி வந்திருக்க வேண்டிய வெப்பம் சில நிமிடங்களில் வந்துவிடும். வெப்பநிலை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதை, மிகுதியாக இருப்பதற்குச் சமமான எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்; ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இதைப் புரியவைப்பதுதான் மிகக் கடினமாக இருக்கிறது.

இவற்றை முன்கூட்டியே அறிய முடியுமா என்றால், முடியும். சில மில்லிகிராம் மாதிரியை வைத்து, எந்த வெப்பநிலையில் சிதைவு தொடங்குகிறது, எவ்வளவு வெப்பம் வருகிறது என்பதைக் காட்டும் வெப்ப அளவிக் கருவியான வேறுபாட்டு வருடு கலோரிமானியும், ஒரு லிட்டர் அளவில் முழு வினையையும் நடத்திக் காட்டும் வினைக் கலோரிமானியும் இருக்கின்றன. இயல்பில் அவை பள்ளியின் தெர்மகோல் குவளையிலிருந்து வேறுபட்டவையல்ல, இழப்பைத் துல்லியமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, அவ்வளவே. அவற்றிலிருந்து இரண்டு எண்களைப் பெறுகிறோம். இந்தக் கணத்தில் குளிரூட்டல் நின்றால், உள்ளே சேகரமான பொருள் முழுவதும் வினைபுரிந்து கலவையை எந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோகும் என்பது முதல் எண். அந்த வெப்பநிலையில் விட்டுவிட்டால், சிதைவு உச்ச வேகத்தை அடைய எத்தனை மணி நேரம் ஆகும் என்பது இரண்டாவது எண். இரண்டாவது எண் 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தலையிட அவகாசம் உண்டு என்பது தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். சில மணி நேரமே என்றால் செய்முறையையே மாற்ற வேண்டும், அதாவது நீர்த்த கலவை, மெதுவான சேர்ப்பு, வேறு கரைப்பான்.

இந்த இரண்டாவது எண்ணின் பொருளை இத்தாலியின் செவெசோ ஊர் அறிந்த விதம் கொடியது. 1976 ஜூலை 10, சனிக்கிழமை. வார இறுதி என்பதால் அங்கிருந்த இரசாயன ஆலையில் பேட்ச் முடியாமலேயே வேலையை நிறுத்தி, கிளறியையும் நிறுத்திவிட்டுத் தொழிலாளர்கள் காலையில் கிளம்பிவிட்டார்கள். கலவையின் பெரும்பகுதி ஆபத்தான வெப்பநிலைக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் கலனின் மேற்சுவர் நீராவியால் மிகுந்த சூட்டில் இருந்ததால், அதை ஒட்டிய மேலடுக்கு மட்டும், கிளறப்படாமல், மெதுவாகச் சூடேறியது. பல மணி நேரம் எந்த ஆரவாரமும் இல்லை. நண்பகலுக்குச் சற்றுப் பின் பாதுகாப்புத் தகடு உடைந்து, டையாக்சின் என்ற கொடிய நச்சு கலந்த மேகம் ஊர்மேல் இறங்கியது.